தொடாவிட்டால் காசில்லை

ஐந்து ரோட்டில், செல்போன் கடைக்கு மேல் மாடி.
பதினோரு வருஷமாக அங்கே உட்கார்ந்து
லிஸ்பனுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரப்பர் அடி வைத்த ஷூ எடுத்துக்கொள்ளுங்கள்.
நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக் கல்,
தூறல் விழுந்தால் சோப்புப் போட்ட மாதிரி.
இருபத்தெட்டாம் நம்பர் டிராமில்
பையை முதுகில் மாட்டாதீர்கள், வயிற்றில் மாட்டுங்கள்,
ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் பஸ்ஸில்
எப்படிப் போவீர்களோ அப்படி.
முட்டை டார்ட்டைச் சூடாகத் தின்ன வேண்டும்,
மேலே பட்டைப் பொடி தூவி,
செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் தின்கிறோமே,
அதேபோல் நின்றபடி. சட்டையில் சிந்தும். சிந்தட்டும்.

அப்புறம் முக்கியமானது:
ஹோட்டலில் உட்கார்ந்ததும்
கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் கொண்டுவந்து வைப்பார்கள்.
நம்ம ஊர்ச் சட்னி சாம்பார் நினைப்பில் கை வைத்துவிடாதீர்கள்.
தொட்டால் பில்லில் ஏறும்.
தொடாவிட்டால் காசில்லை.

இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.
நானும் சரியாக அந்த இடத்தில் நிறுத்துவேன்.

"நீங்க எப்போ போனீங்க?"
இத்தனை வருஷத்தில் கேட்டவர்
பொன்னம்மாபேட்டை பத்மலோசனி ஒருத்தர்தான்.
கணக்கு டீச்சர். அரையாண்டு லீவு. ஒற்றை டிக்கெட்.
கால்குலேட்டரில் எதையோ தட்டினேன்.
என் பாஸ்போர்ட் டிராயரில் இருக்கிறது.
ஒருமுறை புதுப்பித்தாயிற்று.
உள்ளே பக்கங்கள் பொரிக்காத அப்பளம்.

அடுத்து அவர் கேட்டது என்னிடமிருந்த எந்தத் தாளிலும் இல்லை:
"தனியா ஒருத்தி போனா
நல்ல மேஜை கொடுப்பாங்களா,
இல்ல கை கழுவுற பக்கமாத் தள்ளிடுவாங்களா?"
விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.
விசாரிக்கவில்லை.

பொங்கல் கழிந்து படியேறி வந்தார், மூச்சு வாங்க.
"உச்சி மேட்டுல ஏறினா ஆறு தெரியும், பாலம் தெரியும்னீங்களே,
ஒண்ணும் தெரியலை. மூடுபனி.
ரெண்டேகால் லட்சம் கொடுத்து
ஏற்காட்டு டிசம்பரைப் பார்த்துட்டு வந்திருக்கேன்."
கோபமாகத்தான் தொடங்கினார்,
லட்சத்தில் சிரிப்பு முட்டிவிட்டது.
ரொட்டி? என்று கேட்டேன்.
"தொட்டேன். ரெண்டு யூரோ இருபது.
நல்ல ரொட்டி."
மேஜை?
"ஜன்னலோரம்.
நீங்க விசாரிக்கலைன்னு தெரியும்."

சேலத்துக்காரன் ஏற்காட்டுக்குப் போவது
விருந்தாளி வந்தால்தான்.
அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு யாரும் வரவில்லை.
ரப்பர் அடி ஷூ போட்டுக்கொண்டேன்,
பையை வயிற்றில் மாட்டிக்கொண்டேன்,
பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தேன்.
இருபது கொண்டை ஊசி வளைவில் ஏழாவதில்
முன் சீட்டுக் குழந்தை வாந்தியெடுத்தது.
ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்,
ஒருத்தர் புளிப்பு மிட்டாய், இன்னொருத்தர் எலுமிச்சம்பழம்.
பார்க்க வேண்டிய இடங்களில்
இதை எத்தனையாவதாக எழுதுவது?

லேடீஸ் சீட்டில் அன்று சேலமே இல்லை.
கீழே இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.
ஜங்ஷன் இல்லை, உருக்காலை இல்லை,
ஐந்து ரோட்டில் என் மாடி இல்லை.
டெலஸ்கோப் வாடகைக்கு விடுகிறவர்
லென்ஸுக்கு மூடி போட்டுவிட்டு
டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஓசூரிலிருந்து வந்த புதுஜோடி,
என் பையையும் ஷூவையும் பார்த்துவிட்டு,
"நீங்களும் முதல் தடவையா சார்?" என்றார்கள்.
இடம் சொல்ல வாய் தானாகத் திறந்தது,
பக்கோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், படகுக்கு ஏரி.
மூடிக்கொண்டு, ஆமாம் என்றேன்.

பஜ்ஜிக் கடைக்காரம்மா
கேட்காமலே தட்டை முன்னால் வைத்தார்.
நாலு மிளகாய் பஜ்ஜி, ஓரத்தில் சட்னி,
பனிக்குள் பனியாக ஆவி.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தொட்டேன்.
நாக்கு சுட்டது.
நாற்பது ரூபாய்.